முன்குறியில் ஈரச் சந்தனம்

சாய்ராம் எந்தத் துப்பாக்கியையும் கையில் வாங்கிய உடனே வேலையைத் தொடங்கிவிட மாட்டார். முதலில் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுப்பார். தோட்டா அமரும் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்குவார். அதன்பின், எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், “காலி” என்று வாய்விட்டுச் சொல்வார். அவருக்குத் தொழில் கற்பித்தவர் அப்படித்தான் செய்தார். இவரும் தலை நரைத்த பின்னும் ஒரு நாள்கூட அதை விட்டதில்லை.

அவர் மனைவி மாதங்கிக்கு இதில் ஓயாத கேலி. “நம்ம வீட்டுச் சோத்துப்பானையைத் திறந்தாலும் இதத்தானங்க சொல்றீங்க,” என்பாள். சாய்ராம் சிரித்துக்கொள்வார். ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் நாயைப் போல அந்த ஒரு சொல் தம்மைக் காக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

மதுரைத் தெற்குவெளி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் கடை அவருடையது. கடையின் பின்புறமே வீடு. நவராத்திரி தொடங்கியிருந்த ஒரு காலையில், அலங்காநல்லூருக்கு வடக்கே சிறுமலை கண்ணுக்குத் தெரியும் ஓர் ஊரிலிருந்து இருவர் வந்தனர். முன்னால் வந்தவள் நடுத்தர வயதுடைய ஜெயக்கொடி. பின்னால் ஓலைப்பாய் சுற்றிய நீளமான பொருளை மார்போடு அணைத்தபடி வந்தவர் அவளுடைய தந்தை காளை. எழுபதைக் கடந்த மனிதர். ஆனால் சுமை ஒன்றைத் தூக்கி நின்ற தோள்கள் இன்னும் தளரவில்லை.

பாயை விரித்தபோது வெள்ளைக்காரர் காலத்துப் பழைய போல்ட் ரைபிள் ஒன்று வெளிப்பட்டது. கட்டை கருத்து மின்னியது. வழக்கப்படி சாய்ராம் இழுத்தார், தடவினார், நோக்கினார்.

“காலி,” என்றார்.

காளை தலையைச் சட்டென்று திருப்பித் தமக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

“என்ன பழுது?” என்று சாய்ராம் கேட்டார்.

“குறி தப்புதுண்ணே,” என்றாள் ஜெயக்கொடி. “எங்க ஊருல விஜயதசமிக்குச் சாமி கண்மாய்க்கரைக்கு வந்து அம்பு போடும். அது முடிஞ்சதும் எங்க வீட்டுத் துப்பாக்கியால கரையில நட்ட வாழையைச் சுடணும். அது எங்க குடும்பத்து உரிமை. அப்பா சுட்டா வாழை மேல படுறதே இல்ல. வருசா வருசம் இடப்பக்கமா, கீழால போயி மடைக்கிட்ட மண்ணுல பதியுது. ஊரே சிரிக்கும். போன வருசம் சிரிக்க முடியல.”

“ஏன்?”

“மாயக்காள்னு ஒரு அத்தை. அவுகளை விட்டுட்டு வீட்டுக்காரர் ஓடிப் போயிட்டாரு. தனியா நிப்பாக, எப்பவும் அந்த மடைக்கிட்ட. தள்ளி நில்லுங்கன்னு எம்புட்டோ சொல்லியாச்சு. ‘இங்ஙன நின்னாத்தான் எனக்கு மனசு ஆறுது’ம்பாக. போன வருசம் குண்டு அவுக முந்தானையைக் கிழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. இந்த வருசம் எங்க வீட்டுக்காரர் சுடணும். ஒரு உசுரு போயிட்டா என்னண்ணே செய்யிறது?”

காளை இப்போது மேசைமேல் குனிந்து, குறிபார்ப்பதற்காகக் குழலின் நுனியில் சிறு மதில்போல நின்ற முன்குறியைத் தொடாமல் சுட்டிக்காட்டினார்.

“இதைக் கழட்டிருங்க தம்பி. வேற போடுங்க. கழட்டினதை எங்கிட்டக் குடுக்க வேணாம்.”

“சுடாம விட்டுட்டா என்ன?” என்று உள்ளிருந்து வந்த மாதங்கி கேட்டாள்.

“ஏன் சுடலன்னு ஊரு கேக்கும்,” என்றார் காளை. அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

அவர்கள் போனபின் சாய்ராம் ரைபிளைத் தோல் வைத்த வைஸ் இடுக்கியில் மெல்ல இறுக்கினார். முன்குறி, குழலின் மேலிருந்த சரிவான பள்ளம் ஒன்றில் பக்கவாட்டில் செருகப்பட்டிருந்தது. அதைக் கழற்றுமுன், குறியின் அடியையும் குழலையும் சேர்த்து ஊசிமுனையால் மெல்லிய கோடு ஒன்றைக் கீறினார். திரும்பப் பொருத்தும்போது இரண்டு பாதிக் கோடுகளும் ஒன்றாகச் சேர வேண்டும். மயிரிழை தவறினாலும் தொலைவில் அது ஒரு முழமாகிவிடும். மண்ணெண்ணெயைச் சொட்டவிட்டு ஊறவைத்தார். பின்பு இடப்புறத்தில் மழுங்கிய பித்தளைப் பன்ச் உளியை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டினார்.

பல தலைமுறைத் துரு. எளிதில் அசையாது என்று எண்ணியிருந்தார். ஆனால் முதல் தட்டிலேயே, காத்திருந்தது போல, அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

பள்ளத்தில் துருவே இல்லை.

அதில் அரைத்த சந்தனம் நிறைந்திருந்தது. ஈரமாக இருந்தது. நடுவில் குங்குமச் சிவப்பு ஒரு கோடாகக் கசிந்திருந்தது.

மண்ணெண்ணெய் நாற்றத்தை மீறிக் கடை முழுவதும் பூஜையறை வாசம் எழுந்தது. சாய்ராம் குனிந்து முகர்ந்தார். காளையின் வீட்டில் யாரோ ஆயுத பூஜைக்குப் பூசியது உள்ளே இறங்கியிருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். இறங்கியது காயாமல் இருக்குமா என்ற கேள்வியை அவர் மனம் தள்ளி வைத்தது. பள்ளத்தைத் துடைத்தார். வளைவோ தேய்மானமோ தென்படாததால் பழைய குறியையே வலப்புறத்திலிருந்து செருகி, கோட்டோடு கோடு சேரும்வரை தட்டி அமர்த்தினார். குழலின் நடுவில் அது நேராக நின்றது. பழுது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்த மாதங்கி, “பூசைக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள பொட்டு வச்சுட்டீங்க?” என்றாள்.

முன்குறியின் வலத்தோளிலும் உச்சியிலும் சந்தனம் அப்பியிருந்தது. விரலால் எடுத்து வைத்த பருமன். அதன்மேல் குங்குமம்.

“நான் வைக்கல,” என்றார் சாய்ராம்.

“அப்ப நான் வச்சேனா? கடைச்சாவி உங்க இடுப்புலதான இருந்துச்சு?”

அவர் துணியை எடுத்துத் துடைத்தார். சந்தனம் பனிக்கட்டியைப் போலக் குளிர்ந்திருந்தது. வேலையை மறுபடியும் தொடக்கத்திலிருந்தே பார்ப்பது நல்லதென்று எண்ணிப் போல்ட்டை இழுத்தார், சுண்டுவிரலை விட்டார், குழலுக்குள் நோக்கினார்.

“காலி,” என்றார்.

குழலுக்குள்ளிருந்து, மிகத் தொலைவில் வயலுக்கு அப்பால் நிற்பவன் கூப்பிடுவதுபோல, ஒரு குரல் வந்தது.

“ஆளு நிக்கேன்.”

சாய்ராமின் கை கட்டையில் ஒட்டிக்கொண்டது போலாயிற்று. சந்தில் பால்காரன் வண்டி போன சத்தம் கேட்டது. மாதங்கி வாசலில் கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர் மெல்ல ரைபிளைத் திருப்பி, கண்ணருகே இருக்கும் பின்குறியின் பிளவு வழியே முன்குறியை நோக்கினார். எதிரே கடையின் சுவர் இருக்க வேண்டும். அதில் காலண்டர் தொங்க வேண்டும்.

பிளவுக்குள் அந்தி வெளிச்சம் தெரிந்தது. நிலக்கடலைக் கொடி படர்ந்த வயல் தெரிந்தது. குறியின் இடப்பக்கத்தில் ஒரு மனிதன் நின்றான். தலையில் துண்டைக் கட்டியிருந்தான். வலக்கையை உயர்த்தியிருந்தான், நில் என்று சொல்பவனைப் போல.

சாய்ராம் கண்ணை எடுத்தார். சுவர் இருந்தது. காலண்டர் இருந்தது.

மறுபடி பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

அன்று பகல் முழுதும் அமர்ந்து, நல்ல எஃகுத் துண்டு ஒன்றை அரத்தால் இழைத்து அவர் புது முன்குறி செய்தார். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். கிழவர் கேட்டபடி பழையதை வீட்டுக்கு வெளியே, இரும்புக் கழிவுகளோடு போட்டார். விடிந்தபோது புதிய குறியின் வலத்தோளிலும் உச்சியிலும் ஈரச் சந்தனம் இருந்தது.

குறி எதுவானாலும், அதற்குச் சந்தனம் சூட்டும் ஏதோ ஒன்று இருந்தது.

“இதை அவுக கிட்டயே குடுத்துருங்க,” என்றாள் மாதங்கி. அன்று அவள் கேலி செய்யவில்லை.

“குடுத்தா அவுக சுடுவாக. அந்தம்மா மடைக்கிட்ட நிக்கும்,” என்றார் சாய்ராம். “வயல்ல வச்சுச் சுட்டுப் பாக்காம நான் தர மாட்டேன்.”

ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் முற்பகலில் அவர் அந்தக் கண்மாயை அடைந்தார். அறுவடை முடிந்த தரிசு நிலம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. எதிரே உயர்ந்த மண்கரை. இடப்பக்கத்தில் தூர்ந்துபோன பழைய கல்மடை. ஜெயக்கொடியும் அவள் கணவன் அசோக்குமாரும் கரையின் நடுவில் பலகை நட்டு அதில் வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தனர். அசோக்குமார் கரைமேல் நின்று ஆடு மேய்ப்பவர்களை விரட்டிவிட்டு வந்தான்.

“என் மாமனாரு வாழையச் சுடச் சொன்னா கரையச் சுடுவாருண்ணே,” என்றான் அவன் சிரித்தபடி. “தாளு அம்புட்டுப் பெருசா இருக்கு. இன்னிக்காவது படுதான்னு பாப்போம்.”

காளை சிரிக்கவில்லை. அவர் முகம் தாளைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, தம் கால்களைப் பார்த்தது. மடை இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த கதை ஒன்று உண்டு. ஒரு காகம் திருடிய வடையை ஆலமரப் பொந்தில் ஒளித்ததாம். யாரும் ஐயப்படக் கூடாதென்று அந்த ஆலமரத்தை மட்டும் விட்டுவிட்டுக் காட்டிலிருந்த மற்ற எல்லா மரங்களிலும் உட்கார்ந்து கரைந்ததாம். சில நாளில் அணில் கேட்டதாம்: “அண்ணே, அந்த ஆலமரத்தில் உனக்கு என்ன பயம்?” சாய்ராம் அந்த அணிலைப் போலத்தான் அப்போது காளையைப் பார்த்தார்.

மணல்மூட்டையின்மேல் ரைபிளைக் கிடத்தினார். முன்குறி துடைத்தது துடைத்தபடியே சுத்தமாக இருந்தது. தாளின் நடுவைக் குறிவைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விசையை அழுத்தினார்.

ஓசை கரையில் மோதித் திரும்பியது. மடையின் அருகே, கரையின் அடியில் புழுதி எழுந்தது.

தாளில் ஒரு கீறலும் இல்லை.

குனிந்து பார்த்தார். முன்குறியின் வலத்தோளிலும் உச்சியிலும் சந்தனம் மினுங்கியது.

அவருக்குத் தொழில் தெரியும். குறியின் வலப்பக்கத்தில் பருமன் கூடினால், அந்தப் பருமனை நடுவில் வைத்துப் பார்ப்பவனின் குழல் இடப்பக்கம் திரும்பிவிடும். உச்சியில் உயரம் கூடினால் குழல் தாழ்ந்துவிடும். சந்தனம் அப்பிய குறியால் சுட்டால் குண்டு இடக்கீழாகத்தான் போகும். அது கணக்கு. ஆனால் அவர் சுட்டபோது குறியில் சந்தனம் இல்லை.

அடுத்த தோட்டாவை ஏற்றினார். இம்முறை வேண்டுமென்றே தாளின் வலப்பக்கத்துக்கு வெளியே, மேலே குறிவைத்தார்.

மடையருகே அதே இடத்தில் புழுதி எழுந்தது.

ஜெயக்கொடி தந்தையின் கையைப் பற்றிக்கொண்டாள். அசோக்குமாரின் சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தும் காற்று குளிர்ந்தது. எங்கிருந்தோ சந்தன வாசம் வந்தது.

சாய்ராம் மூட்டையைத் தூக்கி வலக்கோடிக்கு நகர்த்தினார். மடைக்கு முற்றிலும் எதிர்த்திசையில், கரையின் மறு நுனியில் நின்ற பட்டுப்போன பனை அடியைக் குறிவைத்தார்.

“வேணாம் தம்பி,” என்றார் காளை.

விசை அழுந்தியது.

பனை அசையவில்லை. எல்லோர் தலைகளும் தாமாகவே இடப்பக்கம் திரும்பின. மடையருகே புழுதி மெல்ல எழுந்து, மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

சாய்ராம் போல்ட்டைத் திறந்து ரைபிளை மூட்டையின்மேல் போட்டுவிட்டு நடந்தார். மற்றவர்கள் பின்தொடர்ந்தனர். கரையின் அடியில் மூன்று துளைகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. எலி வளையைப் போலச் சீராக இருந்த அந்தத் துளையின் விளிம்பு ஈரமாக இருந்தது.

அதற்கு நேர் மேலே, கரையின் மறுசரிவில், யாரோ இருமினார்கள்.

அசோக்குமார் ஏறிப் பார்த்தான். “ஐயோ, ஆத்தா,” என்றான்.

மடைக்கல்லின் மறுபக்கத்தில், இத்தனை நேரமும் இவர்கள் கண்ணுக்கு மறைந்து, மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உருவம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மடியில் சிதறிய கற்பொடி.

“ஆளைப் பாத்துச் சுடுங்கய்யா,” என்றாள் அவள் சாதாரணமாக. பின் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “கல்லு தெறிச்சு விழுந்துச்சேன்னு எடுத்தேன். பாத்தா சந்தனம்.”

சாய்ராம் காளையின் பக்கம் திரும்பினார். அவர் குரல் கடுமையாக இல்லை. பாடம் மறந்த மாணவனிடம் பேசுவதுபோல இருந்தது.

“ஐயா, இது குறியில உள்ள பழுது இல்ல. நான் எங்க குறி வச்சாலும் குண்டு இங்கதான் வரும். என் கடையில இதோட குழலுக்குள்ள இருந்து ஒரு சத்தம் கேட்டுச்சு. ‘ஆளு நிக்கேன்’னு.”

காளை நின்ற இடத்திலேயே மடிந்து உட்கார்ந்தார்.

மண்ணைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார்.

“ரொம்ப வருசத்துக்கு முந்தி, ஒரு ஆயுத பூசை அன்னிக்கு. துப்பாக்கிய மணையில வச்சுச் சந்தனம் குங்குமம் வச்சுக் கும்பிட்டாச்சு. மறுநாள் பூசை முடியிற வரைக்கும் எடுக்கக் கூடாது. பொழுது சாயுற நேரத்துல கடலைக்காட்டுல பன்னி எறங்கிருச்சுன்னு மொக்கைச்சாமி வந்து சொன்னான். அம்புட்டும் வெளைஞ்சு நின்ன கடலை. எடுத்துட்டேன். எடுத்ததே தப்பு, வச்ச சந்தனத்தையும் அழிச்சா சாமிக்குத்தம் இன்னும் கூடிருமேன்னு துடைக்கல. முன்குறி மேல கட்டியாக் காஞ்சு நின்னுச்சு. அந்தக் கட்டியவே நடுவுல வச்சுப் பாத்தேன்.”

அவர் நிறுத்தினார். விரலால் மண்ணைக் கிளறினார்.

“அவன் இடப்பக்கமா நின்னு பன்னிய வெரட்டிக்கிட்டு இருந்தான். கைய ஒசத்தி, ‘ஆளு நிக்கேன்’னு சத்தங் குடுத்தான். கேட்டுச்சு. ஆனா நான் பாத்தது பன்னியத்தான. என் குறி என்னிக்குத் தப்பிருக்குன்னு சுட்டேன்.”

“அப்பா,” என்றாள் ஜெயக்கொடி.

“பூசையில வச்சதை எடுத்துக் கொலை பண்ணிட்டேன்னு ஊரு சொல்லுமேன்னு பயம். மடையடியில பொதைச்சேன். மறுநாள் வாழையச் சுட்டேன். அது வரைக்கும் ஒரு வருசங்கூடத் தப்பாத குண்டு, நேரா இங்க வந்து பதிஞ்சுச்சு. அன்னிலேருந்து வருசா வருசம்.” அவர் முதல்முறையாக நிமிர்ந்து மாயக்காளைப் பார்த்தார். “உன் வீட்டுக்காரன் திருப்பூருல இன்னொருத்தியோட இருக்கான்னு சொன்னது நான்தான் தாயி. யாரும் தேடிறக் கூடாதுன்னு சொன்னேன்.”

மாயக்காள் அழவில்லை. கையிலிருந்த சந்தனத்தைப் பார்த்தாள். பிறகு மடைக்கல்லை மெல்லத் தடவினாள், தூங்குகிறவனின் முதுகைத் தடவுவதுபோல.

“இங்ஙனயா இருந்தீரு?” என்றாள் கல்லிடம்.

சிறிது கழித்துக் காளையிடம் பேசினாள். “இத்தனை வருசமா பொட்டு வச்சேன் அண்ணே. அவரு வந்து பாத்தா மூளியா நிக்கக் கூடாதேன்னு வச்சேன். ஊருல ஒவ்வொருத்தியும் என் பொட்டப் பாத்துச் சிரிச்சா. நீயும் அந்தத் தெருவுலதான நடந்த.”

“நடந்தேன்.”

“அவரு செத்தது உன் கைப்பிசகு. அவரு ஓடிப் போனாருன்னது பிசகு இல்ல.”

காளை எழுந்து ஊர்ப்பக்கம் நடந்தார்.

அன்று பிற்பகலே அவர் மருமகனை உடன் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னார். ரைபிளும் அங்கே போயிற்று. தாசில்தார் முன்னிலையில் மடையடி தோண்டப்பட்டது. ஆழம் அதிகமில்லை. எலும்புகள் ஒருக்களித்துப் படுத்த நிலையில் கிடந்தன. இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணை மாயக்காள் அடையாளம் காட்டினாள். சாய்ராமும் அங்கே அழைக்கப்பட்டிருந்தார். மற்றவர்கள் காணாத ஒன்றை அவர் கண் கண்டது. இத்தனை ஆண்டுகளாகக் கரைக்குள் பாய்ந்த குண்டுகளில் ஒன்றுகூட எலும்பைத் தொட்டிருக்கவில்லை. அவை எல்லாம் வலக்கை விரல் எலும்புகளுக்குள், ஒருவன் பொறுக்கிச் சேர்த்து மூடிவைத்தது போலக் குவிந்திருந்தன.

அந்த விஜயதசமிக்குச் சாமி அம்பு போட்டது. வெடி எழவில்லை. ஏன் சுடவில்லை என்று ஊரில் யாரும் கேட்கவும் இல்லை.

வழக்கு நடக்கிறது. முதுமையைக் கருதிக் காளைக்குப் பிணை கிடைத்தது. வெளியே வந்தவரிடம் மாயக்காள் ஆள் விட்டாள். எலும்புகளை அடக்கிக் காரியம் செய்தாயிற்று. வரும் அமாவாசைக்குப் படையல் வைக்கப் போகிறாள். காளை வந்து தம் கையால் பரிமாற வேண்டும். அதற்கு முன் அவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றையும் அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அமாவாசையன்று காலை காளை தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றார். “மொக்கைச்சாமி ஓடிப் போகல. நான்தான் சுட்டேன். ஓடிப் போனான்னு பொய் சொன்னதும் நான்தான்,” என்றார். சிலர் கதவைச் சாத்தினர். ஒருவன் காறி உமிழ்ந்தான். ஒரு கிழவி மட்டும், “மாயக்காளைப் பாத்து நாங்க சிரிச்சோமே,” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள். காளை ஒரு வாசலையும் விடவில்லை. வெயில் ஏறியபோது அவர் குரல் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் கடைசி வீட்டிலும் முதல் வீட்டில் சொன்னதையே, ஒரு சொல் குறையாமல் சொன்னார்.

மாயக்காளின் வீட்டில் சாய்ராமும் மாதங்கியும் வந்து காத்திருந்தனர். ஜெயக்கொடி சமையலில் உதவியிருந்தாள். இறந்தவனின் படம் ஒன்றுகூட இல்லாததால், சுவரோரம் மணைமேல் புதுவேட்டியும் துண்டும் மடித்து வைத்து, அதன் எதிரே தலைவாழை இலை விரித்திருந்தார்கள். மாயக்காளின் நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு இருந்த இடத்தில் தோல் வட்டமாக வெளுத்திருந்தது.

காளை குனிந்து பரிமாறினார். சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, மொக்கைச்சாமிக்குப் பிடிக்கும் என்று மாயக்காள் செய்யச் சொன்ன அவரைக்காய்ப் பொரியல். ஒரு பருக்கையும் இலைக்கு வெளியே விழவில்லை. சூடம் காட்டினார்கள். பிறகு காகத்துக்குச் சோறு வைக்க எல்லோரும் பின்வாசல் வழியாக வெளியே போனார்கள். கடைசியாக வெளியேறியவர் சாய்ராம். அவர்தாம் கதவைச் சாத்தினார்.

காகம் உடனே வந்தது. சோற்றை எடுத்தது. மாயக்காள் கும்பிட்டாள்.

திரும்பிக் கதவைத் திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலில் பார்த்தவள் ஜெயக்கொடி. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

விரித்து வைத்த இலை மடிந்திருந்தது.

அதற்குள் சோறு இல்லை. குழம்பு வழித்த விரல்களின் தடம் இலையின் பச்சையில் நீளமாகத் தெரிந்தது.

மாயக்காள் அருகே போய்க் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தாள். இழவு வீட்டில் உண்டவர்கள் இலையைத் தம்மை விட்டு விலக்கி, வெளிப்பக்கமாக மடிப்பது அந்த ஊர் வழக்கம். இந்த வீட்டுக்கு இனி இப்படி ஒரு விருந்துக்கு வர வேண்டாம் என்பது அதன் பொருள். கல்யாண வீட்டில் உண்டவர்கள்தாம் தம் பக்கமாக, உள்நோக்கி மடிப்பார்கள். மறுபடியும் வருவோம் என்று அதற்குப் பொருள்.

இலை, வேட்டி மடித்து வைத்திருந்த பக்கமாக, உள்நோக்கி மடிந்திருந்தது.

மாதங்கி கணவரின் கையைத் தேடிப் பிடித்தாள்.

“அண்ணே,” என்றாள் மாயக்காள், திரும்பிப் பார்க்காமலே. “அடுத்த அமாவாசைக்கும் நீதான் வந்து பரிமாறணும் போல.”

காளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முன்னால் வந்து, மண்டியிட்டு, மடிந்த இலையை இரண்டு கைகளாலும் எடுத்தார்.

“வாரேன் தாயி,” என்றார். “இருக்கிற வரைக்கும் வாரேன்.”